‘செட்’ என்றால் ஆரஞ்சு

இங்கிலீஷ் சின்ன ‘இ’யின் வயிற்றுக்குள் இருக்கிற அந்த அரை நிலாத் துணுக்கை எடுப்பதுதான் கஷ்டம். பிளேடு முனையைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் எழுத்தும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்துவிடும். தமிழரசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினான். துணுக்கு வந்தது. நகத்தில் ஒட்டிக்கொண்ட அதை பேன்ட்டில் துடைத்துவிட்டு, மேலே ஒட்டுத்தாள் வைத்துத் தேய்த்து, மூன்று எழுத்துகளையும் அப்படியே தூக்கி வெள்ளை அட்டையில் இறக்கினான். டி, எச், இ. நல்ல ரத்தச் சிவப்பு. புல்லட் டேங்குக்குப் பட்டை ஒட்டியது போக மிச்சமிருந்த ஸ்டிக்கர்.

“இது இன்னா பாப்பா?”

வாடிக்கையாளர்களுக்கான பிளாஸ்டிக் ஸ்டூலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ரோஷினி அட்டையை வாங்கி முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்தாள். “டி... ஹெ...” என்று இழுத்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தி,” என்றான் தமிழரசு. “கூட்டாத. பார்த்தவொடனே தி.”

காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர் போகிற சாலையில், டூவீலர் மெக்கானிக் கடைக்கும் பழச்சாறு கடைக்கும் நடுவே ஒரு ஷட்டர் அகலம்தான் தமிழரசுவின் கடை. நம்பர் பிளேட், ரேடியம் ஸ்டிக்கர், வண்டிக்குப் பெயர் எழுதுவது. பிள்ளை பெயர், குலசாமி பெயர், காதலியின் முதல் எழுத்து, ‘அம்மாவின் ஆசி’ என்று யார் எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் அடித்து, மிஷினில் வெட்டி, கையால் உரித்து ஒட்டித் தருவான். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தே அது தன் கை வேலையா, வேறு கடையா என்று சொல்லிவிடுவான். ஒரு எழுத்துகூடக் கோணலாக அவன் கடையை விட்டுப் போனதில்லை. ஆனால் ஒட்டுகிற இங்கிலீஷ் வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். பத்தாவதில் இங்கிலீஷ்தான் அவனை வீட்டில் உட்கார வைத்தது.

ரோஷினி யூகேஜி. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அவளுடைய டீச்சர் சபீனா மிஸ், இளம் வயசு, பிள்ளைகளிடம் குரலை உயர்த்தாதவள், ஒருநாள் மாலை தமிழரசுவை நிறுத்திப் பேசினாள். “ஏபிசிடி எல்லாம் நல்லா சொல்றா சார். ஆனா வார்த்தை வந்தா எழுத்து எழுத்தா கூட்டுறா. தமிழுக்கு அது சரி. இங்கிலீஷ்ல ‘தி’, ‘செட்’, ‘வாஸ்’ மாதிரி வார்த்தைங்களை கூட்டிப் படிச்சா தப்பா வரும். தெரிஞ்ச ஒருத்தர் முகத்தைப் பார்த்ததும் பேர் சொல்றோம்ல, அப்படிப் பார்த்ததும் சொல்லணும். மத்த பசங்க எல்லாம் சொல்றாங்க. இவ இப்படியே இருந்தா, இன்னொரு வருஷம் யூகேஜியிலயே வைக்கலாம்னு ஹெச்.எம். மேடம் நெனைக்கிறாங்க.” சொல்லிவிட்டு, பழகவேண்டிய வார்த்தைகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். அட்டையில் எழுதி, தினமும் கொஞ்ச நேரம் காட்டினால் போதும் என்றாள்.

வண்டியில் வரும்போது தமிழரசு முன்னால் உட்கார்ந்திருந்த ரோஷினியைக் குனிந்து பார்த்தான். கொஞ்ச நாளாகவே காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போதுதான் அவனுக்கு அந்த வலி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மற்றவர்கள் எல்லாம் ஒன்றாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் புதிதாக வருகிற சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தான். நினைக்க முடியவில்லை.

அட்டையில் எழுதுவதாவது! எழுத்தே தொழிலாக இருக்கிறவன் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கிக் கொடுப்பானா? கடையில் இருந்த மிச்சம் மீதி ஸ்டிக்கரையெல்லாம் எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றும் ஒரு முழம், அரை முழம். ஒரு வார்த்தைக்கு ஒரு துண்டுதான் போதும். ‘தி’ சிவப்பு. ‘செட்’ ஆரஞ்சு. ‘வாஸ்’ வெள்ளி. ‘வித்’ மயில் நீலம். ‘கோ’ இருட்டில் மின்னுகிற பச்சை. ‘மை’ தங்கம். ‘ஆர்’, ‘தே’ இரண்டும் மஞ்சள். நம்பர் பிளேட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய நுரை அட்டையில் ஒட்டி, பிள்ளையின் கையைக் கிழிக்காதபடி நான்கு மூலைகளையும் உருட்டிவிட்டான். பக்கத்துக் கடை மெக்கானிக் முகமது ஆசிக் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இன்னா மாமே, கலெக்டர் ஊட்டு கல்யாணப் பத்திரிகை மாறி கீது!”

ரோஷினிக்கு அட்டைகள் ரொம்பப் பிடித்துவிட்டன. தலை சீவும்போது, சோறு ஊட்டும்போது, வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போகும்போது, எப்போதும் ஒரு கட்டு அவள் கையில் இருந்தது. ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, காட்டக் காட்டச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மாற்றி அடுக்கிக் காட்டினாலும் சொன்னாள். வேகமாகக் காட்டினாலும் சொன்னாள். தூரத்தில் நின்று காட்டினாலும் சொன்னாள். நம்பர் பிளேட் மாட்ட வந்தவர்களையெல்லாம் தமிழரசு உட்கார வைத்தான். “ஒரு நிமிசம் பாரு அண்ணாத்தே, நம்ம பொண்ணு” என்று தொடங்கினால் கட்டு முடிகிறவரை விடமாட்டான். ஆசிக் அதைப் போனில் படம் பிடித்தான். தமிழரசு அதைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினான். ஆவடியில் இருக்கிற மச்சினன் ‘குட்டி கலெக்டர்’ என்று பதில் போட்டதை மனைவி சிம்ரனிடம் இரண்டு முறை படித்துக் காட்டினான்.

அட்டைகளைப் பார்த்த சபீனா மிஸ்ஸும் அசந்துபோனாள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். “எல்லாருக்கும் காட்டலாம் சார். மத்தவங்களும் வீட்ல செய்வாங்க.” தமிழரசு அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு வைத்திருந்த கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரோஷினி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். மிஸ் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கினாள். தி. மை. வித். வாஸ். செட். கோ. யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். ரோஷினி தன் கவுனின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கைதட்டலில் தமிழரசுவுக்குக் காது அடைத்தது. பிறந்ததிலிருந்து தனக்கு யாரும் கை தட்டியதில்லை என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

அயனம்பாக்கம் ஏரிப்பக்க ஃபிளாட்டிலிருந்து வருகிற பத்மா என்கிற அம்மா, மகனை மடியில் வைத்துக்கொண்டு ஆர்வமாகக் கேட்டாள். “சூப்பரா இருக்கு மிஸ். புக்ல இருக்கிறதையும் இப்படியே படிச்சிடுறாளா? எங்க ஸ்ரீராமுக்கும் செஞ்சு தரச் சொல்லலாமான்னு கேக்குறேன்.” அதில் குத்தல் எதுவும் இல்லை. சபீனா மிஸ்ஸும் சந்தோஷமாகவே மேஜை மேலிருந்த வாசிப்புப் புத்தகத்தைத் திறந்து ‘செட்’ என்ற வார்த்தையின் அடியில் விரலை வைத்தாள். எஸ், ஏ, ஐ, டி.

ரோஷினி பார்த்தாள். குனிந்து பார்த்தாள். மிஸ் விரலை ‘தி’க்கு நகர்த்தினாள். அதையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, கொஞ்சம் புகார் சொல்கிற குரலில் சொன்னாள்.

“இதுல கலரே இல்லியேப்பா!”

ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை; அது இன்னும் மோசமாக இருந்தது. மிஸ் “பரவாயில்ல, பரவாயில்ல” என்று ரோஷினியின் தலையைத் தடவினாள். தமிழரசு அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். மூலை உருட்டிய அட்டைகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கின.

வீட்டுக்குப் போகிற வழியில், “நான் தப்பா சொல்ட்டேனாப்பா?” என்று ரோஷினி கேட்டாள்.

“நீ இல்லமா. அப்பாதான் தப்பா காட்டிட்டேன்.”

“ஆனா எல்லாரும் கை தட்னாங்க இல்ல?”

“தட்னாங்க.”

சிம்ரன் பூந்தமல்லியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவள் பிறந்த காலத்தில் வந்த படங்களின் மயக்கத்தில் அவள் அப்பா வைத்த பெயர். இன்றுவரை கவுன்ட்டரில் யாராவது அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். நூம்பலில் இருக்கிற வீட்டுக்கு அவள் வந்தபோது தமிழரசு சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். “மானம் போச்சு” என்று முடித்தான். கேட்டுக்கொண்டே வந்த சிம்ரன் ‘கலரே இல்லியேப்பா’ என்ற இடத்தில் வாயைப் பொத்தினாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள்.

“இன்னாத்துக்கு சிரிக்கிற?”

“இரு இரு.” அவள் எழுந்துபோய் அவனுடைய கடைப் பையைத் துழாவினாள். எழுத்து எதுவும் வெட்டாத, வெறும் ஸ்டிக்கர் துண்டுகள் கொஞ்சம் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து, தரையில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்த ரோஷினியின் முன்னால் காட்டினாள். “இது இன்னாடி?”

“செட்.”

“இது?”

“வித்.”

வெள்ளியைக் காட்டினாள். “வாஸ்.” தங்கத்தைக் காட்டினாள். “மை.” ஒரே மாதிரி இருந்த இரண்டு மஞ்சள்களைக் காட்டினாள். தமிழரசுவுக்கே எது எது என்று சட்டென்று தெரியவில்லை. ரோஷினி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இது ஆர். அது எலுமிச்சம்பழ கலரு, அதனால தே” என்றாள்.

பையில் இருந்தவரைக்கும் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிம்ரன் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“பாத்தியாய்யா? இம்மாங் கலரையும், அதுக்கு ஒரு பேரையும் சேர்த்து மண்டையில வச்சிக்கினு கீது. இத போயி புள்ளைக்கு படிப்பு ஏறலன்னு சொல்லிக்கினு கீறாங்க. ஏறாம இல்ல. நாம எத காட்னமோ அத படிச்சிருக்கா.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “எங்க கடையில டீத்தூளு பாக்கெட்ட பச்சையிலேர்ந்து ஊதாவா மாத்துனாங்க. பேரு பெருசு பெருசா அதே எழுத்துலதான் கீது. வர்றவங்க அத கையால தள்ளிட்டு, ‘அந்த டீத்தூளு இல்லியா’ன்னு என்னாண்ட கேக்குறாங்க. பெரியவங்களே அப்டி. இது கொழந்த.”

தமிழரசு மகளைப் பார்த்தான். அவள் துண்டுகளை நெற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்தது லேசாகப் புரண்டது. அது இறங்கவில்லை. ஆனால் அதன் அடியில் வேறொன்று இருந்தது. கூட்டத்தில் கை தட்டியபோது வந்த பெருமை மாதிரி இது இல்லை. அந்தப் பெருமை சத்தமாக இருந்தது. இது சத்தமில்லாமல் இருந்தது.

மறுநாள் எல்லா வார்த்தைகளையும் கறுப்பில் வெட்டினான். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ரோஷினி அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழே வைத்தாள். “இது நல்லால்ல. என்னோடத குடு.” பழைய கட்டை சிம்ரன் பீரோவின் மேல் வைத்துவிட்டிருந்தாள். அழுகை. கறுப்பு அட்டையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலவந்தமாகக் காட்டினால் வாயில் வந்ததைச் சொன்னாள். காலை வயிற்றுவலியும் திரும்பி வந்தது. நாலைந்து நாள் இப்படியே போனது. ஒருநாள் தமிழரசு அவளைத் திட்டிவிட்டு, திட்டியதற்காகப் பழச்சாறு வாங்கிக் கொடுத்தான். அதையும் அவள் முழுசாகக் குடிக்கவில்லை.

வழி கிடைத்தது யோசித்தல்ல. ஒரு மாலை நாலைந்து வண்டிகள் சேர்ந்தாற்போல் வந்து நின்றுவிட்டன. ரோஷினியைக் கவனிக்க ஆளில்லை. வெட்டி வைத்திருந்த கறுப்புத் தாள் ஒன்று அவள் கைக்கு அகப்பட்டது. எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், ஆனால் சுற்றியிருக்கிற வேண்டாத பகுதியை இன்னும் உரிக்கவில்லை. அப்பா தினமும் செய்வதைப் பார்த்தவள்தானே. பிளேடு இல்லாமல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தாள். உரிக்க உரிக்க, கறுப்பு விலகி எழுத்து மட்டும் தாளில் நின்றது. வண்டிக்காரனை அனுப்பிவிட்டுத் திரும்பிய தமிழரசு சத்தம் போட வாயெடுத்தவன், அவள் நாக்கை வெளியே துருத்திக்கொண்டு ‘ஏ’வின் வயிற்றுத் துணுக்கை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அப்பா, இதுல மூணு பேர் குள்ளம். ஒருத்தன் மட்டும் நெட்டை.”

“யாரு?”

“பாரு. குள்ளம், குள்ளம், குள்ளம். இந்த குள்ளனுக்கு தலையில பொட்டு. கடைசில நெட்டை. இது யாருப்பா?”

“அதான் செட்டு.”

“ஓ,” என்றாள், புதிதாக அறிமுகமான ஆளைப் பார்க்கிற மாதிரி. “செட்டுக்கு பொட்டு இருக்கா!”

அன்றிலிருந்து உரிக்கிற வேலை அவளுடையது. அட்டைக்கு வெட்டியதெல்லாம் அவள் கைக்குப் போனது. சிலது கிழிந்தது, சிலது அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. எந்த எழுத்துக்குள் ஓட்டை இருக்கிறது, எது வால் விடுகிறது, எது கால் நீட்டுகிறது என்று விரலால் தெரிந்துகொண்டாள். ‘வாஸ்’ உரிக்கும்போது கத்தினாள். “இது அந்தப் பக்கம் திரும்பி நின்னா வேற வார்த்த!” எஸ், ஏ, டபிள்யூ. அது ‘சா’ என்று தமிழரசுவே மிஸ் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவனும் ஒரு வார்த்தையைப் பெரிதாகவும் சின்னதாகவும், நேராகவும் சாய்வாகவும், நாலைந்து விதமான எழுத்தில் வெட்டிப் போட்டான். சுழித்து எழுதிய ‘தி’யை அவள் முதலில் நம்பவில்லை. “இது தி இல்ல, புழு” என்றாள். இரண்டு நாள் கழித்து, “புழுவும் தியும் ஒரே ஆள்தாம்பா” என்று ஒப்புக்கொண்டாள்.

ஆனாலும் அவனுக்குப் பயம் இருந்தது. ஒருமுறை ஏமாந்தவன். கறையை வைத்துச் சொல்கிறாளா, கிழிசலை வைத்துச் சொல்கிறாளா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். யாரையும் உட்கார வைத்துக் காட்டவில்லை. படம் எடுக்கவில்லை. ஆசிக் கேட்டதற்கு, “இப்ப வாணாம்டா” என்றான்.

ஆசிக் விடுகிற ஆளில்லை. ஒரு மதியம் அவன் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிரீஸ் படிந்த விரலோடு வந்து தமிழரசுவின் கடை வாசல் சிமென்ட்டில் குந்தினான். “ரோசினி, இங்க வா. இத சொல்லு பாக்கலாம்.” விரலால் தரையில் எழுதினான். ஜி, ஓ. அவன் எழுத்து பிள்ளை எழுத்தைவிடக் கோணல்.

“கோ,” என்றாள் ரோஷினி.

உள்ளே ஒரு ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் ஒட்டிக்கொண்டிருந்த தமிழரசுவின் கை நின்றது.

“அது ஈஸி. இது?” ஆசிக் தலையைச் சொறிந்து யோசித்து, அட்டைகளில் பார்த்த ஞாபகத்தில் எழுதினான். எஸ், ஏ, ஐ, டி. ‘ஏ’ பாதி அழிந்திருந்தது. ‘டி’ ஒரு பக்கமாக விழுந்திருந்தது. பொட்டு வைக்க மறந்துவிட்டான்.

ரோஷினி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். விரலை நீட்டி, தொடாமல், காற்றில் ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பழச்சாறு கடை மிக்ஸி ஓடி நின்றது. அவள் நிமிர்ந்து ஆசிக்கைக் கண்டிப்பாகப் பார்த்தாள்.

“பொட்டு எங்க மாமா? பொட்டு வை. இது செட்.”

ஆசிக் “யா அல்லா!” என்று தரையில் அறைந்தான், கிரீஸ் தெறித்தது. தமிழரசு வெளியே வரவில்லை. வந்தால் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து நம்பர் பிளேட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஸ்கூட்டர்காரர்தான் சொன்னார், “தம்பி, நம்பரு சாஞ்சி கீதே.” பார்த்தான். உண்மைதான், கடைசி எண் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் கடை தொடங்கியதிலிருந்து முதல் கோணல். “மன்னிச்சிக்கோங்க சார், வேற போட்டு தர்றேன்” என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே அதைப் பிய்த்தான். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பரீட்சை என்று பெயர் சொல்லாத பரீட்சையை சபீனா மிஸ் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வைத்தாள். சிம்ரன் அனுமதி வாங்கிக்கொண்டு, கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மிஸ் அட்டை எதையும் எடுக்கவில்லை. கரும்பலகையில் தன் கையெழுத்தில், சாக்பீஸால் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினாள். ரோஷினி சொன்னாள். சிலதைப் பார்த்ததும் சொன்னாள். சிலதைக் கை விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்துச் சொன்னாள். ‘வாஸ்’ வந்தபோது ‘சா’ என்று ஆரம்பித்து, தலையைச் சாய்த்து, “இல்ல மிஸ், திரும்பிகினு கீது, வாஸ்” என்று மாற்றினாள். டபிள்யூவில் தொடங்கிய ‘வேர்’ என்ற வார்த்தையில் நின்றுபோனாள். ‘தேர்’ என்பதையும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். தெரியாததற்கு வாயில் வந்ததைச் சொல்லவில்லை. சிம்ரனின் விரல்கள் ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் தமிழரசுவின் விரல்களையும் இறுக்கிப் பிடித்திருந்தன.

மிஸ் வெளியே வந்தாள். கையெல்லாம் சாக்பீஸ் தூள். “நல்லா வந்திருக்கா சார். நானே எதிர்பாக்கல. ஒண்ணாம் வகுப்பு பத்தி மேடம்தான் முடிவு சொல்லணும். நான் பேசுறேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தெரியலன்னு சொன்னா பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது” என்றாள்.

“இன்னொரு வருசம் உக்கார வச்சாலும்...” என்று ஆரம்பித்தான் தமிழரசு. “அவ படிப்பா மிஸ்” என்றான்.

“படிக்கிறா சார்,” என்று மிஸ் திருத்தினாள்.

மூன்று பேரும் வண்டியில் கிளம்பினார்கள். ரோஷினி முன்னால் டேங்கின் மேல், சிம்ரன் பின்னால். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து உரசிக்கொண்டு நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன். சிமென்ட் படிந்த முடி, மடியில் சாப்பாட்டுப் பை, சாயம் போன டீ-ஷர்ட். அதன் நெஞ்சிலிருந்து வயிறுவரை இங்கிலீஷ் சின்ன எழுத்தில் ஏதோ வரிகள்.

ரோஷினி அவனையே பார்த்தாள். அவன் சங்கடப்பட்டான்; சட்டையில் ஏதோ கறை என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“வீ...” என்றாள் ரோஷினி, விரலை நீட்டி. “ஆர்... நாட்...”

அவனுக்குப் புரிந்தது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். இத்தனை நாள் போட்டுக்கொண்டு திரிந்த சட்டையில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தவன் மாதிரி. அடுத்த வார்த்தைகளை மடியிலிருந்த பை மறைத்திருந்தது. அவன் பையைத் தூக்கிப் பக்கத்து ஆளின் மடியில் வைத்தான். இரண்டு கையாலும் சட்டையின் அடியைப் பிடித்து, மடிப்பு விழாமல் இழுத்துக் காட்டினான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஷேர் ஆட்டோ குலுங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. ரோஷினி டேங்கின் மேல் எழுந்து நிற்கப் பார்த்தாள். தமிழரசு ஒரு கையால் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தான். தூசிக்கும் புகைக்கும் நடுவே அந்த இளைஞன் ஆட்டோவுக்கு வெளியே உடம்பைத் திருப்பி, அவள் படித்து முடிக்கட்டும் என்று, சட்டையை இழுத்துப் பிடித்தபடியே போய்க்கொண்டிருந்தான்.